அகன்ற வில்லையும் அண்மைப் பொருளும்

புகைப்படக் கருவியின் வில்லை எத்துணை அகன்ற வாயுடையதோ அத்துணை மிகுதியான ஒளியை அது உள்ளே விடும். மங்கிய வெளிச்சத்திலும் நொடிப்பொழுதிற் படத்தைப் பதிக்க வல்லதாதலின் அத்தகைய வில்லையை வேகவில்லை என வழங்குவர். வில்லையின் குவியத்தூரத்தை அதன் துவார விட்டத்தினால் வகுக்க வருவது துவார எண். ஐம்பது மில்லிமீற்றர் குவியத்தூரமும் ஏறக்குறைய முப்பத்தாறு மில்லிமீற்றர் விட்டமும் உள்ள வில்லையின் துவார எண் 1.4 ஆகும். எண் சிறிதாகுந்தோறும் வேகம் பெரிதாகும், விலையும் அவ்வாறே.

இத்தகைய வில்லையைப் பெற்ற ஒருவர் தூரத்து மலைமுகட்டையும் பத்தடித் தூரத்தில் நிற்கும் நண்பரையும் படம்பிடித்து மகிழ்ந்தபின், ஒருநாள் தேயிலைக் கொழுந்தொன்றை அண்மையில் வைத்துப் படம்பிடிக்க முயல்வாராயின் ஏமாற்றமே அடைவார். குவியம் பிசகியிராது; கை நடுங்கியிராது; காற்றும் வீசியிராது. ஆயினும் இலையின் நரம்புகள்மேல் மெல்லிய வெண்டுகில் ஒன்றைப் போர்த்தாற்போல ஒரு மங்கல் படிந்திருக்கும். தூரத்தே அவ்வளவு கூர்மையாக இருந்த வில்லைக்கு அண்மையில் நேர்ந்தது யாது? ஒரு சிறு கண்ணாடித் துண்டை முன்னே பொருத்துவதனால் அக்குறை நீங்குமென்று கூறுகின்றனரே, அது எவ்வாறு பொருந்தும்? நல்ல வில்லையொன்றின் முன் இன்னுமொரு கண்ணாடியை வைத்தால் தெளிவு குறையும் என்பதன்றோ பொதுவழக்கு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது பொழுதுபோக்காளரின் கவலை மட்டுமன்று. நமது மத்திய மலைநாட்டின் வாழ்வு, ஒரு விரலளவு நீளமுள்ள இலையை நம்பி நிற்பது. அவ்விலையில் ஒரு புள்ளி தோன்றினால் அதனை உற்றுநோக்கி இன்னதென அறிய வேண்டிய தேவை அங்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உண்டு. 1869ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பிச் செடிகளின் இலைகளிற் செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. கோப்பித் துரு என்னும் அந்நோய் அடுத்த இருபது ஆண்டுகளுள் மலைநாட்டின் கோப்பிச் செய்கையை அழித்தொழித்தது. 1880ஆம் ஆண்டில் இங்கு வந்த ஹரி மார்ஷல் வாட் என்னும் இளம் தாவரவியலாளர், அப்பொடி ஒரு பங்கசின் வித்திகள் என்பதையும் அவை காற்றினாற் பரவுவதையும் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு தெளிவாக்கினார். ஆனால் அவர் அதைக் கூறியபோது காலம் கடந்துவிட்டிருந்தது. கோப்பி நின்ற மலைகளிலே தேயிலை ஏறியது.

தேயிலைக்கும் சோதனைகள் வந்தன. 1946ஆம் ஆண்டிற் கொப்புள நோய் என்னும் பங்கசு நோய் இலங்கைத் தோட்டங்களிலும் தென்னிந்தியத் தோட்டங்களிலும் தோன்றியது. அஸாமில் அதனை அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். அந்நோய் முற்றிய இலையை விடுத்து இளங்கொழுந்தையே பற்றுவது. கொய்யப்படும் பகுதியும் அதுவேயாதலின் அதனால் விளையும் இழப்பு நேரானது. முதலில் ஊசிமுனை பட்டாற்போல ஒளி ஊடுருவும் வெளிறிய புள்ளியொன்று தோன்றும். பின் அது வட்டமாக விரிந்து, இலையின் மேற்புறத்திற் குழிந்தும் கீழ்ப்புறத்திற் புடைத்தும், ஒரு சென்றிமீற்றரளவு கொப்புளமாகும். புடைத்த பக்கத்தில் வெண்பட்டுப் போன்ற மென்மயிர்ப் படலம் தோன்றுங்கால் வித்திகள் பறக்கத் தொடங்கிவிட்டன என்க. முதற்புள்ளியை முதலிற் காண்பவர் பெரும்பாலும் கொழுந்தெடுக்கும் பெண்ணேயாவார். நாள்தோறும் ஆயிரக்கணக்கான கொழுந்துகளைத் தொடும் விரல்கள் அவருடையவை. அவர் கண்டதைக் கங்காணியிடமும், கங்காணி கணக்கப்பிள்ளையிடமும் சொல்லி, தலவாக்கொல்லையில் சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் வரை அது போய்ச்சேர வேண்டுமாயின், இலையையே அனுப்பலாம். ஆனால் பறித்த இலை வழியிலேயே வாடும். புள்ளியின் நிறம் மாறும். செடியில் நின்ற கோலத்திலே இலையைக் காட்ட வல்லது படம் ஒன்றே. அப்படம் மங்கலாயின் வெளிறிய புள்ளி நோயின் அடையாளமா, பனித்துளியின் மினுக்கமா, வில்லையின் பிழையா என்பதை யார் சொல்வது?

அண்மைப்படத்தின் மங்கலை விரும்பி ஏற்ற ஒருவரும் இம்மலைநாட்டிலேயே வாழ்ந்து மறைந்தார் என்பது சுவையான செய்தி. புகைப்படக்கலை வரலாற்றிற் பெரும்பெயர் பெற்ற யூலியா மார்கரெட் கமெரன் அம்மையார் 1815இற் கல்கத்தாவிற் பிறந்தவர். அவர்தம் கணவர் சாள்ஸ் ஹே கமெரன், கோல்புறூக்–கமெரன் ஆணைக்குழுவினால் நம் நாட்டு வரலாற்றில் அறியப்பட்டவர். இலங்கையிற் கோப்பித் தோட்டங்களும் உடையவர். நாற்பத்தெட்டாம் வயதிலே முதற் கருவியைப் பெற்ற அம்மையார், இங்கிலாந்திற் புலவர்களையும் அறிஞர்களையும் மிக நெருங்கி நின்று படம்பிடித்தார். அவருடைய முதல் வில்லை பிரான்சிற் செய்யப்பட்டது. யோசேப் பெற்சுவால் 1840இல் வகுத்த உருவப்பட வில்லையின் வழிவந்தது. பெற்சுவாலின் வில்லைக்குத் துவார எண் ஏறக்குறைய 3.6. அக்காலத்து வில்லைகளோடு ஒப்பிட்டால் அது பெருவேகம். அதனை முழுவாயும் திறந்தபடி முகத்தருகே கொண்டுசென்றால் மூக்கு நுனி தெளிவாகுங்கால் காது மங்கும். நிழற்படத் தகடுகள் ஒளிக்கு மந்தமாக இருந்தமையால் அமர்ந்திருப்போர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும், அதுவும் இயலாது. இவற்றோடு வில்லையின் பிறழ்ச்சிகளும் சேர்ந்தன. அம்மையாரோ விம்பம் தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே குவியத்தை நிறுத்திவிடுவது தம் வழக்கமென எழுதிவைத்தார். குற்றமெனச் சிலர் இகழ்ந்த அம்மென்மை பின்வந்தோராற் கலையெனப் போற்றப்பட்டது. 1875இற் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 தை மாதத்தில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேண் தோட்டத்தில் அவர் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவர் கல்லறை உள்ளது. அவருடைய குடும்பச் செல்வத்தைத் தேய்த்த கோப்பித் துரு அப்பொழுது சுற்றியிருந்த மலைகளிலெல்லாம் பரவிக்கொண்டிருந்தது.

முகத்துக்கு மென்மை அழகு தரலாம். நோயுற்ற இலைக்கு அது தகாது. ஆதலின் மங்கலின் காரணத்தை ஆராய்வோம்.

வெகுதூரத்திலுள்ள பொருளின் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் வில்லையை அடையும்போது ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கும். அப்பொருள் முடிவிலியில் உள்ளது என்பது வழக்கு. அண்மைப் பொருளிலிருந்து வரும் கதிர்களோ விரிந்துகொண்டே வரும். முன்சொன்ன ஐம்பது மில்லிமீற்றர் வில்லையிலிருந்து முப்பது சென்றிமீற்றர் தூரத்தில் ஒரு கொழுந்து இருப்பதாகக் கொள்வோம். வில்லையின் நடுவிற் புகும் கதிருக்கும் ஓரத்திற் புகும் கதிருக்கும் இடையே மூன்றரைப் பாகை அளவு சரிவு உண்டாகும். இது அற்பமென்று தோன்றும், அற்பமன்று.

கோள வடிவான கண்ணாடிப் பரப்பு எதுவும் ஓரக்கதிர்களையும் நடுக்கதிர்களையும் ஒரே புள்ளியிற் சேர்ப்பதில்லை. ஓரக்கதிர்கள் அளவுக்கு மிஞ்சி வளைந்து முன்னரே கூடும். இதுவே கோளப்பிறழ்ச்சி. வில்லையை வகுப்போர் இதனை ஒழிப்பதில்லை, ஈடுசெய்கின்றனர். ஆறேழு கண்ணாடிகளைச் சேர்த்து, ஒரு பரப்பிலே தோன்றும் பிறழ்ச்சியை இன்னொரு பரப்பிலே தோன்றும் எதிர்ப்பிறழ்ச்சியினாற் கழிப்பர். வேகவில்லையில் ஒவ்வொரு பரப்பின் பிறழ்ச்சியும் மிகப் பெரிது. இரு தட்டிலும் பாரமான படிக்கற்களை ஏற்றி முள்ளை நடுவே நிறுத்திய தராசு போன்றது அது. தட்டிலே ஒருபிடி அரிசி இருக்கும்போது அதில் நூற்றிலொரு பங்கு குறைந்தால் முள் அசையாது. மூடை மூடையாக இருக்கும்போது அதே பங்கு குறைந்தாலும் முள் சாய்ந்துவிடும். வகுத்தோர் அச்சமநிலையைப் பெரும்பாலும் சமாந்தரக் கதிர்களுக்கே அமைத்தனர். கதிர்கள் வேறொரு சரிவில் வந்தால் ஒவ்வொரு பரப்பின் பிறழ்ச்சியும் வெவ்வேறு விகிதத்தில் மாறும், கழிவு முழுமையாகாது, எஞ்சியது வெண்டுகிலாகப் படத்தில் விழும்.

இம்மங்கலின் பருமன் துவார விட்டத்தின் கன அளவைத் தொடர்ந்து வளர்வது. துவார எண் 1.4இலிருந்து 2.8க்கு ஒடுக்கினால் விட்டம் பாதியாகும், மங்கல் எட்டிலொன்றாகும். சிறுவாய் வில்லைகளில் இத்தொல்லை தெரியாதிருப்பதற்கும், வேகவில்லையையே துவார எண் 8க்கு ஒடுக்கிவிட்டால் அது மறைவதற்கும் காரணம் இதுவே. அண்மைக்கேற்பத் தம் உட்கண்ணாடிகளை நகர்த்திக்கொள்ளும் வில்லைகள் 1967இல் நிக்கோன் நிறுவனத்தார் வெளியிட்ட அகலக்கோண வில்லை முதலாக வழக்கத்துக்கு வந்தன. அண்மைக்கென்றே வகுத்த வில்லைகளும் உள. அவற்றை உடையார்க்கு இக்கட்டுரை வேண்டுவதில்லை. ஆனால் முழு வில்லையையும் ஒரே தொகுதியாக முன்னே தள்ளிக் குவியப்படுத்தும் பழைய வேகவில்லைகள் இன்றும் எண்ணற்றவை. தந்தையார் காலத்து வில்லையைப் புதிய எண்மக் கருவியிற் பொருத்திப் பார்க்கும் மாணவர்களும் பெருகி வருகின்றனர்.

இனி மருந்துக்கு வருவோம். நம் வீட்டு முதியவர்களை நோக்குக. நாற்பது வயது கடந்தவர்க்கு வெள்ளெழுத்து வருகின்றது. தூரத்து மரத்தின் இலையை எண்ணிச் சொல்லும் கண், கையிலுள்ள பத்திரிகையை வாசிக்க மாட்டாது. கண் கெட்டுவிட்டதா? இல்லை; அண்மைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஆற்றலை மட்டும் அது இழந்துவிட்டது. இரண்டு தயொத்தர் வலுவுள்ள குவிவுக் கண்ணாடியை அணிந்தவுடன் எழுத்துக்கள் தெளிகின்றன. அக்கண்ணாடியின் குவியத்தூரம் ஐம்பது சென்றிமீற்றர். பத்திரிகை அதே தூரத்தில் இருக்குமாயின், அதிலிருந்து விரிந்து வரும் கதிர்களைக் கண்ணாடி சமாந்தரமாக்கி அனுப்பும். கண்ணோ தூரத்துப் பொருளொன்றைப் பார்ப்பதாகவே எண்ணி இளைப்பாறும்.

புகைப்பட வில்லையின் முன்னே திருகிப் பொருத்தும் அண்மைத் துணைவில்லை செய்வதும் இதுவே. முதன்மை வில்லையை முடிவிலியிற் குவியப்படுத்தி வைத்து, அதன்முன் இரண்டு தயொத்தர் துணைவில்லையைப் பொருத்திப் பொருளை அதிலிருந்து அரைமீற்றர் தூரத்தில் வைத்தால், முதன்மை வில்லைக்குள் நுழைவன சமாந்தரக் கதிர்களே. அது தான் வகுக்கப்பட்ட நிலையிலேயே தொழில் செய்கின்றது. தராசின் முள் நடுவே நிற்கின்றது. பொருள் அண்மையில் உள்ளது என்பதை அது அறியவே இல்லை.

ஆனால் துணைவில்லைக்கும் பிறழ்ச்சி உண்டன்றோ? உண்டு. இங்கேதான் கணக்கு நமக்குக் கைகொடுக்கின்றது. துணைவில்லையின் குவியத்தூரம் ஐந்நூறு மில்லிமீற்றர். அதில் முதன்மை வில்லைக்குப் பயன்படும் விட்டம் முப்பத்தாறு மில்லிமீற்றர் மட்டுமே. ஆகவே துணைவில்லை தன்னளவில் துவார எண் 14இலேயே தொழில்புரிகின்றது. அத்தகைய ஒடுங்கிய நிலையில், தக்க வடிவமுள்ள ஒற்றைக் கண்ணாடியாயினும் அதன் கோளப்பிறழ்ச்சி படத்தில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கை ஒட்டியதே. கடுமையாக உழைக்கும் வில்லையை அதன் வழியிலே விட்டு, மெல்லிய வேலையை மெல்லிய கண்ணாடியிடம் ஒப்படைக்கின்றோம். முன்னே கண்ணாடி வைத்தால் தெளிவு குறையும் என்னும் பொதுவழக்கு இவ்விடத்திற் பொய்ப்பதன் காரணம் இதுதான்.

நிறப்பிறழ்ச்சி வேறு கதை. ஒற்றைக் கண்ணாடி நீலக்கதிரைச் செங்கதிரிலும் மிகுதியாக முறிக்கும். முன்சொன்ன இரண்டு தயொத்தர் ஒற்றைக் கண்ணாடியில் நீலத்துக்கும் சிவப்புக்கும் குவியத்தூரம் ஏறக்குறைய எட்டு மில்லிமீற்றர் வேறுபடும். வாயை முழுதும் திறந்து, நடு நிறமாகிய பச்சைக்குக் குவியப்படுத்தினால், நீலமும் சிவப்பும் படத்திலே மில்லிமீற்றரின் நூற்றில் மூன்று பங்களவு பரவும். கண்ணுக்குத் தெரியும் மங்கலின் எல்லையும் அதுவே. ஆதலின் விலைமலிந்த ஒற்றைக் கண்ணாடித் துணைவில்லையை முழுத் துவாரத்திற் பயன்படுத்துவோர் வெண்டுகிலை நீக்கி ஊதாக்கரையை வாங்கிக்கொண்டவராவர். இரு வகைக் கண்ணாடிகளை ஒட்டி நிறப்பிறழ்ச்சியைக் கழித்த இரட்டைத் துணைவில்லைகளே இவ்வேலைக்கு உரியன. லைற்ஸ் நிறுவனத்தாரின் எல்ப்ரோ, கனன் நிறுவனத்தாரின் 250, 500 என்னும் குவியத்தூர எண்களைப் பெயரிற் கொண்ட துணைவில்லைகள் இவ்வகையின. ஒற்றையைத்தான் வாங்க இயலும் என்பார்க்கும் வழியுண்டு. துவார எண் 5.6க்கு ஒடுக்கினால் நிறப்பரவல் நாலிலொன்றாகும். கறுப்பு வெள்ளைப் படமாயின் ஒரு நிறத்தை மட்டும் விடும் வடிகண்ணாடியினாற் பெரும்பகுதியைத் தீர்க்கலாம். அதிலும் நிறத்தைப் பொருளறிந்து தெரிய வேண்டும். கொப்புளத்தின் வெண்படலத்தைக் காட்டச் சிவப்பு வடிகண்ணாடி நன்று. பச்சையம் செவ்வொளியை விழுங்குவதால் இலை கருமையாகி வெண்மை எடுப்பாகத் தோன்றும். பழுப்புப் புள்ளிகளைக் காட்டுதற்குப் பச்சையே ஏற்றது.

துணைவில்லை புதுமையன்று. நம் நாட்டு வீடுகளில் ஒருகாலத்திற் பெட்டிக் கருவிகள் இருந்தன. குவியத்தை மாற்றும் வசதி அவற்றுக்கில்லை. அவற்றின்முன் மாட்டுதற்கென உருவப்படத் துணைவில்லை என ஒன்றைக் கொடாக் நிறுவனத்தார் விற்றனர். றொலைபிளெக்ஸ் கருவிக்கு றொலைனர் என்னும் சோடி இருந்தது. அவற்றின் நோக்கம் அருகே வர இயலாத கருவியை அருகே கொண்டுவருவது. வேகவில்லையின் கூர்மையைக் காப்பது அதே கண்ணாடியின் இரண்டாம் பயன். இன்றைய கைப்பேசிகளிற் கவ்விப் பொருத்தும் சிறுவில்லைகளும் இக்குலத்தனவே; அவற்றுட் பல ஒற்றைக் கண்ணாடியாதலின் ஓரங்களிற் கூர்மையை எதிர்பார்த்தல் வீண்.

இன்னொரு நன்மையும் உண்டு. வில்லையை முன்னே தள்ளித் தள்ளி அண்மையைக் குவியப்படுத்தும்போது படத்தில் விழும் ஒளி குறைகின்றது. விம்பம் பொருளின் பாதியளவாகும்போது வேண்டும் ஒளியளவு இரண்டேகால் மடங்காகும். முழுவளவாகும்போது நான்கு மடங்கு. துணைவில்லையாலோ இவ்விழப்பு இல்லையென்றே கூறலாம். காலையிற் கொழுந்தெடுக்கத் தொடங்கும் வேளையில் நுவரெலியாப் பக்கத்து மலைகளில் வெயில் எப்படியிருக்குமென்பதை அறிந்தவர்க்கு இதன் அருமை விளங்கும். மூடுபனி, அதன்மேல் நிழல்மரம், இலையோ காற்றில் ஓயாது ஆடிக்கொண்டிருக்கும். கொப்புள நோய் விரும்புவதும் இதே ஈரமும் நிழலுமேயாம். நோய் மிகும் பருவமும் ஒளி குறையும் பருவமும் ஒன்றாயிருப்பதனாலேயே அங்கே வேகவில்லை தேவைப்படுகின்றது. தெளிந்த வெயிலில் துவார எண் 11இற் படம்பிடிக்க வாய்ப்புள்ளவர் முன்சொன்ன ஆராய்ச்சியையெல்லாம் மறந்து, கைக்குக் கிடைத்த முறையைக் கையாளலாம், வேறுபாடு தோன்றாது.

ஒரு மயக்கத்தை இங்கே தீர்த்தல் வேண்டும். துணைவில்லையைப் பொருத்தினால் தெளிவாழம் கூடும் என்று சிலர் நம்புகின்றனர். தெளிவாழம் என்பது முன்னும் பின்னும் தெளிவாகத் தோன்றும் தூரத்தின் அளவு. அது விம்பத்தின் உருவளவையும் துவார எண்ணையும் மட்டுமே பற்றியது. எந்த வழியால் அவ்வுருவளவைப் பெற்றோம் என்பதைப் பற்றியதன்று. விம்பம் பொருளின் பத்திலொன்றாக இருக்கையில், துவார எண் 1.4இல் தெளிவாழம் ஏறக்குறைய ஒன்பது மில்லிமீற்றர். பாதியளவாக இருக்கையிலோ, எண் 8க்கு ஒடுக்கியும் அது மூன்று மில்லிமீற்றரை எட்டுவதில்லை. கொப்புளம் புடைத்த இலை தட்டையானதன்று. ஆகவே வேகத்துக்காக வாயைத் திறக்குந்தோறும் இலையின் ஒரு பகுதியே தெளிவாகும். கருவியின் பின்புறத்தை இலையின் தளத்துக்குச் சமாந்தரமாகப் பிடிப்பதே இதற்குள்ள உபாயம். துணைவில்லை தெளிவான தளத்தை மேலும் தெளிவாக்கும், தளத்தைத் தடிப்பாக்காது.

எந்த வலுவுள்ள துணைவில்லையைத் தெரிவது? முதன்மை வில்லை முடிவிலியில் நிற்கையில், விம்பத்தின் உருவளவு முதன்மை வில்லையின் குவியத்தூரத்தைத் துணைவில்லையின் குவியத்தூரத்தால் வகுத்த ஈவாகும். ஐம்பது மில்லிமீற்றர் வில்லையும் இரண்டு தயொத்தரும் சேர்ந்தால் பத்திலொன்று. சிறுபடக் கருவியில் முப்பத்தாறு சென்றிமீற்றர் அகலமுள்ள பரப்பு அடங்கும். ஒரு கவாத்துக் கிளைக்கு அது போதும். ஒரு கொழுந்துக்கு மிகப் பெரிது. வலுவை ஐந்து, பத்து தயொத்தர் என ஏற்றுவோர் மேற்சொன்ன கணக்கைக் குலைக்கின்றனர். பத்துத் தயொத்தர் கண்ணாடி துவார எண் 3க்கும் கீழ் உழைக்க வேண்டிவரும். அதன் பிறழ்ச்சிகள் அப்பொழுது சிறியனவாக இரா. வலுவைக் கூட்டுவதிலும் முதன்மை வில்லையை நீட்டிக்கொள்வது நன்று. நூறு மில்லிமீற்றர் வில்லையோடு அதே இரண்டு தயொத்தர் இரட்டையைப் பொருத்தினால் உருவளவு ஐந்திலொன்று. பதினெட்டுச் சென்றிமீற்றர் அகலத்தில் இரண்டிலையும் ஒரு மொட்டுமாகிய கொழுந்து நன்கு அமையும். பொருளிலிருந்து அரைமீற்றர் விலகியே நிற்பதால் நம் நிழலும் அதன்மேல் விழாது.

தண்டைத் துளைக்கும் வண்டின் படம் வேண்டுமாயின் நிலைமை வேறு. நடுத்தர உயரத்துத் தோட்டங்களில் மிகுந்து காணப்படும் அவ்வண்டு இரண்டு மில்லிமீற்றரளவே நீளமுடையது. தண்டினுள்ளே குடைந்த வழியிற் பங்கசை வளர்த்து உண்பது. துளையின் வாயைத் துணைவில்லையாற் காட்டலாம். வண்டின் காலைக் காட்ட இயலாது. அரை மில்லிமீற்றரும் இல்லாத செஞ்சிலந்திப் பேன்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவை நுணுக்குக்காட்டிக்கு உரியன.

பொருத்துவதிற் சில நுட்பங்கள் உள. துணைவில்லை பிறைவடிவினதாயின் அதன் குழிந்த பக்கம் கருவியை நோக்கியிருத்தல் வேண்டும். அப்பொழுது ஓரத்திலிருந்து வரும் கதிர்களும் அதன் பரப்பை ஏறத்தாழச் செங்குத்தாகக் கடக்குமாதலின் படத்தின் விளிம்புகள் கெடா. இரண்டைச் சேர்த்துப் பொருத்தினால் தயொத்தர்கள் கூடும். வலுமிக்கது முதன்மை வில்லையை அடுத்து வரவேண்டும். மூன்றைச் சேர்க்க முயலுதல் கூடாது. பரப்புகள் பெருகப் பெருக அவற்றிடையே தெறித்த ஒளி படத்தை வெளிறச் செய்யும். முதன்மை வில்லையின் தூரவளையத்தை முடிவிலியிலிருந்து அசைத்து இன்னும் அண்மைக்கு வருவோர் பாதிப் பயனை இழக்கின்றனர் என்பதையும் நினைவிற் கொள்க. அண்மைக்கென்றே வகுத்த வில்லையும், பெருப்பிக்கும் கருவியின் வில்லையும் முடிவிலிக்காகச் சமன்செய்யப்பட்டவையல்ல. அவற்றின்முன் துணைவில்லை நன்மையிலும் தீமையே செய்யக்கூடும்.

வில்லையினூடாகவே நோக்கும் வசதியில்லாத பழைய லெயிக்கா போன்ற கருவிகளை உடையோர் தளர வேண்டியதில்லை. துணைவில்லையின் குவியத்தூரமே பொருளின் தூரமாதலின், இரண்டு தயொத்தருக்கு ஐம்பது சென்றிமீற்றர் நீளமுள்ள ஒரு கோலை வெட்டிக்கொண்டால் போதும். அதன் ஒரு நுனி துணைவில்லையின் விளிம்பிலும் மறுநுனி இலையின் அருகிலும் பட நின்று, கோலை எடுத்துவிட்டுப் படம்பிடிக்கலாம்.

தம் வில்லைக்கு இம்மருந்து பொருந்துமா என்பதை ஒவ்வொருவரும் தாமே சோதித்தறியலாம். ஒரு செய்தித்தாளைச் சுவரிலே தட்டையாக ஒட்டி, முதலில் வில்லையை முன்னே தள்ளியும், பின்னர் முடிவிலியில் நிறுத்தித் துணைவில்லை பொருத்தியும், இரண்டிலும் எழுத்துக்கள் படத்தில் ஒரே அளவாக விழுமாறு தூரத்தை ஒழுங்குசெய்து படம்பிடிக்க. துவார எண் 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என வரிசையாக எடுத்து நடுவெழுத்துக்களையும் மூலையெழுத்துக்களையும் ஒப்பிடுக. முதலிரண்டு மூன்று துவாரங்களிலே வேறுபாடு பெரிதாயிருந்து, எண் 8ஐ அணுகும்போது இரண்டும் ஒன்றாகிவிடுமாயின் மேலே கூறிய காரணமே உமது வில்லையிலும் தொழிற்படுகின்றது. தொடக்கத்திலிருந்தே வேறுபாடு இல்லையாயின் உமது வில்லை அண்மைக்கும் சமன்செய்யப்பட்டது. துணைவில்லைக்குப் பணம் செலவிட வேண்டாம்.

இம்முறையால் விளையும் மற்றொரு பயன் படக்கலைஞரிலும் தாவரவியல் மாணவருக்கே மிக உதவுவது. முதன்மை வில்லை முடிவிலியிலே நிலைத்து, துணைவில்லையும் மாறாதிருக்கையில், உருவளவும் மாறாது நிற்கும். நூறு மில்லிமீற்றர் வில்லையும் இரண்டு தயொத்தரும் எந்நாளும் ஐந்திலொன்றையே தரும். படச்சுருளில் 1.2 மில்லிமீற்றர் அளவாக விழுந்த கொப்புளம் செடியில் 6 மில்லிமீற்றர் விட்டமுள்ளது. அதே கொழுந்தை நூலாற் கட்டி அடையாளமிட்டு, ஏழு நாள் கழித்து அதே கோலினால் தூரம் அளந்து மீண்டும் படம்பிடித்தால், அளவுகோல் எதுவும் இலையருகே வையாமலே கொப்புளம் எவ்வளவு வளர்ந்ததென்பதைப் படத்திலிருந்தே அளந்து கூறலாம். தோட்டத்தின் பெயரையும், மலையின் இலக்கத்தையும், தேதியையும், கொழுந்தில் எத்தனையாவது இலை என்பதையும் படத்தின் பின்புறத்தில் எழுதிவைத்தல் வேண்டும்.